சட்டசபை கூடுறதுக்கு முன்னாடி ஒரு எம்.எல்.ஏ. என்னென்ன முடிவு பண்ணணும்?

எங்க பக்கத்துல ஒரு தரைப்பாலம் இருக்கு. நாலு நாள் சேர்ந்தாப்ல மழை பெஞ்சா ஓடைத் தண்ணி பாலத்துக்கு மேல ஏறிடும், அந்தப் பக்கம் இருக்கற நாலு ஊருக்கும் பஸ் நின்னுடும், ஹைஸ்கூல் புள்ளைங்க 11 கிலோமீட்டர் சுத்திக்கிட்டு வரணும், இல்லன்னா வீட்டுலயே இருந்துக்கணும். நான் எங்க தொகுதி எம்.எல்.ஏ. ஆபீசுல ரெண்டு வருஷம் மனு வாங்கி நோட்டுல ஏத்தற வேலை பார்த்தேன், அந்த ரெண்டு வருஷத்துல இந்த ஒரு பாலத்துக்கு மட்டும் நாப்பதுக்கு மேல மனு வந்திருக்கும். மஞ்சப்பையில சுருட்டி எடுத்துட்டு வருவாங்க, கையெழுத்து போட்டவங்க பாதி, கைநாட்டு வெச்சவங்க பாதி. எல்லா மனுவுக்கும் கடைசி வரி ஒண்ணுதான், "சட்டமன்றத்தில் பேசி நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

சட்டமன்றத்துல பேசறதுன்னா என்ன, எப்ப பேசணும், எந்த இடத்துல பேசினா காரியம் நடக்கும்ங்கறது மனு எழுதற நம்ம ஜனங்கள்ல முக்காவாசிப் பேருக்குத் தெரியாது, அந்த வேலையில உக்கார்ற வரைக்கும் எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டா நம்ம எம்.எல்.ஏ. கிட்ட எதை எப்ப கேக்கணும்னு நமக்கே புரிஞ்சிடும், அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல்ல கூட்டத்தொடர்னா என்னன்னு பாத்துடலாம். சட்டசபை தினமும் நடக்கற ஆபீஸ் கிடையாது. அமைச்சரவை சொல்றபடி கவர்னர் கூட்டுவார், சில நாள் நடக்கும், தேதி குறிப்பிடாம தள்ளி வெச்சிடுவாங்க. ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல ஆறு மாசத்துக்கு மேல இடைவெளி விடக்கூடாதுன்னு அரசியல் சாசனத்தோட 174வது பிரிவு சொல்லுது. நம்ம ஊர்ல வழக்கமா வருஷ ஆரம்பத்துல கவர்னர் உரையோட ஒரு கூட்டம், பிப்ரவரி மார்ச் வாக்குல பட்ஜெட், அதைத் தொட்டு துறை துறையா பணம் கேக்கற மானியக் கோரிக்கை விவாதம், அப்புறம் வருஷத்தோட பின்பாதியில ஒரு சின்ன கூட்டம், அவ்ளோதான். தேர்தல் வருஷம்னா இதுவும் மாறிடும், 2021ல பிப்ரவரியில இடைக்கால பட்ஜெட் போட்டாங்க, ஆட்சி மாறினப்புறம் ஆகஸ்ட்லதான் திருத்தின பட்ஜெட் வந்துச்சு. எல்லாம் சேர்த்தாலும் சமீப வருஷங்கள்ல வருஷத்துக்கு அம்பது நாள் சபை நடக்கறதே அபூர்வம். உறுப்பினர்கள் 234 பேர். கட்சியோட பலத்தைப் பொறுத்துதான் நேரம் பிரிச்சுக் குடுப்பாங்க, அதனால பின் வரிசையில உக்கார்ந்திருக்கற ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஒரு கூட்டத்தொடர்ல ஒண்ணு ரெண்டு தடவை, அதுவும் சில நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். அந்த சில நிமிஷத்துக்குள்ள எதைச் சொல்லணும்னு முடிவு பண்றதுதான் முன்னுரிமைங்கறது, ஒரு தொகுதியில ரெண்டு லட்சம் மூணு லட்சம் ஓட்டர் இருப்பாங்க, அவ்ளோ பேர் கஷ்டத்துல இருந்து பொறுக்கி எடுக்கணும்.

எப்படிப் பொறுக்கறது? நாங்க ஆபீசுல செஞ்சது முதல்ல மனுவைப் பிரிக்கறது. வர்றதுல பெரும்பாலானது சட்டசபைக்குப் போக வேண்டியதே இல்ல. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டுல பேர் சேர்க்கறது எல்லாம் தாசில்தார் ஆபீசுலயும் வட்ட வழங்கல் ஆபீசுலயும் முடியற விஷயம், அதுக்கு எம்.எல்.ஏ. லெட்டர் பேட்ல ஒரு பரிந்துரை, ஒரு போன், அது போதும். தெருவுக்கு போர்வெல், பள்ளிக்கூடத்துக்கு காம்பவுண்டு சுவர், நிழற்குடை மாதிரி சின்ன வேலைன்னா தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கு, வருஷத்துக்கு 3 கோடி ரூபாய், எம்.எல்.ஏ. பரிந்துரை பண்ணுவார், மாவட்ட நிர்வாகம் வேலையை எடுத்து செய்யும். பணம் அவர் கைக்கு வராது, நிறைய பேர் இதைத் தப்பா நினைச்சுக்கிட்டிருக்காங்க.

இதுக்கு மேல போற விஷயம்தான் சென்னைக்குப் போகணும். அதுலயும் ஒரு கேள்வி இருக்கு, இது மாநில அரசு கையில இருக்கற விஷயமாங்கறது. அரசியல் சாசனத்தோட ஏழாவது அட்டவணையில மூணு பட்டியல் இருக்கு. போலீஸ், பொது சுகாதாரம், விவசாயம், தண்ணி, உள்ளாட்சி எல்லாம் மாநிலப் பட்டியல். ரயில்வே, தபால், தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றியப் பட்டியல், அதுக்கு எம்.பி.யைத்தான் பாக்கணும். கல்வி, காடு, மின்சாரம் மாதிரி விஷயங்கள் ரெண்டு அரசுக்கும் பொதுவான பட்டியல்ல இருக்கு, கல்வி முன்னாடி மாநிலப் பட்டியல்லதான் இருந்துச்சு, 1976ல 42வது திருத்தத்துல பொதுப் பட்டியலுக்கு மாத்தினாங்க. நீட் விலக்கு மசோதா ஏன் அவ்ளோ இழுபறி ஆச்சுன்னு கேட்டா அதுக்கு வேர் இங்கதான் இருக்கு. 2021 செப்டம்பர் 13ல சட்டசபை நிறைவேத்தினது, கவர்னர் கிட்ட இருந்து திரும்பி வந்து, 2022 பிப்ரவரி 8ல மறுபடி நிறைவேத்தினாங்க, அதுக்கு ஜனாதிபதி ஒப்புதல் வேணும்னு நின்னுச்சு. ஆனா அதே பொதுப் பட்டியல் விஷயமான ஜல்லிக்கட்டுக்கு 2017 ஜனவரி 23ல ஒரே நாள்ல சட்டத்திருத்தம் நிறைவேறிச்சு. தெருவுல லட்சக்கணக்கான ஜனங்க உக்கார்ந்திருந்தாங்க, அதான் வேகம்.

சில விஷயம் ரெண்டு பக்கமும் மாட்டிக்கும். ரயில்வே கேட்ல மேம்பாலம் வேணும்னு கேப்பாங்க, தண்டவாளத்துக்கு மேல வர்ற பகுதி ரயில்வேயோடது, ரெண்டு பக்கமும் ஏறி இறங்கற பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறை, அதுக்கு நிலம் எடுக்கறது வருவாய்த் துறை. பாலம் நடுவுல மட்டும் கட்டி ரெண்டு பக்கமும் அந்தரத்துல நிக்கறதைப் பாத்திருப்பீங்க, பெரும்பாலும் நிலம் எடுக்கற வேலை நின்னு போயிருக்கும். இப்படிப்பட்ட இடத்துல "மேம்பாலம் கட்டித் தாங்க"ன்னு எம்.எல்.ஏ. பேசினா பிரயோஜனமில்ல, "நில எடுப்புக்கு இன்னும் எத்தனை பேருக்கு இழப்பீடு பாக்கி, எப்ப முடியும்"னு கேட்டாதான் பதில் வரும்.

எங்க தரைப்பாலத்துக்கு வர்றேன். நாப்பது மனுவையும் ஒண்ணா சேர்த்து ஒரு துறைக்கு அனுப்பினோம். ரெண்டரை மாசம் கழிச்சு ஒரு வரியில பதில், இந்தச் சாலை எங்க துறைக்குச் சொந்தமானதல்ல. ரோடுன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சோம். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை மூணும் நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சி ஒன்றிய ரோடு, கிராம ரோடு எல்லாம் ஊரக வளர்ச்சித் துறை. ஓடை யாருதுன்னா நீர்வளத் துறை, அவங்க கிட்டயும் ஒரு தடையில்லாச் சான்று வாங்கணும். எங்க ரோடு ஒன்றிய ரோடு. இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு பட்ஜெட் கூட்டம் தவறிப் போச்சு, அது அப்படியே ஒரு வருஷம்.

2022 ஆகஸ்ட்ல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு லெட்டர் எழுதினார், உங்க தொகுதியில ரொம்ப நாளா நிறைவேறாம இருக்கற 10 முக்கியமான கோரிக்கையை முன்னுரிமைப்படி 15 நாளுக்குள்ள கலெக்டர் கிட்ட குடுங்கன்னு. உங்கள் தொகுதியில் முதலமைச்சர் திட்டம்னு அதுக்குப் பேர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும் அதே லெட்டர். என்னைக் கேட்டா இந்த மாதிரி பத்து எழுதற பழக்கம் லெட்டர் வந்தாலும் வராட்டியும் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் இருக்கணும். ஏன்னா பத்துன்னு ஒரு எல்லை போட்டாதான் பதினோராவதை விட்டுக்குடுக்க வேண்டி வரும், எதை விடறோம்னு யோசிக்கும்போதுதான் எது முக்கியம்னு தெரியும். கலைக்கல்லூரி வேணும், தாலுகா ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் மிஷின் வேணும், பாதாள சாக்கடை வேணும், பஸ் ஸ்டாண்டு வேணும், ஏரி தூர்வாரணும். இதுல பஸ் ஸ்டாண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும், ரிப்பன் வெட்டலாம். மழை நாள்ல மட்டும் மாட்டிக்கற நாலு ஊர் பாலம் மத்த நாள்ல யார் கண்ணுக்கும் தெரியாது. அப்படிப்பட்டதை லிஸ்டுல ஏத்தறவர்தான் நல்ல எம்.எல்.ஏ.ன்னு நான் உறுதியா நம்பறேன்.

சரி, லிஸ்ட் ரெடி. அடுத்து எந்த வழியில கொண்டு போறது. இங்கதான் விஷயம் இருக்கு.

முதல் வழி கேள்வி நேரம். காலையில சபை கூடினதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி பதில். 2022 ஜனவரியில இருந்து இதை நேரடியா ஒளிபரப்பறாங்க, ஒரு நாள் உக்கார்ந்து பாருங்க. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், அது ஒரு தனி பாஷை, "இன்ன ஊராட்சியில் உள்ள தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாகக் கட்ட அரசு ஆவன செய்யுமா?" அப்படின்னு முடியும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வின்னா அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், குறியிடாததுன்னா எழுத்துல பதில் வரும். எழுதிக் குடுத்த கேள்விக்கு துறை அதிகாரிங்க எழுதித் தர்ற பதில் பல நேரம் ஒரு வரிதான், கருத்துரு ஏதும் இல்லைம்பாங்க, அதாவது அப்படி ஒரு திட்டமே கையில இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்புறம் கேக்கற துணைக்கேள்விதான் உயிர். அங்க எம்.எல்.ஏ. கையில கணக்கு இருந்தா, போன வருஷம் எத்தனை நாள் பஸ் நின்னுச்சு, எத்தனை புள்ளைங்க, ஆம்புலன்ஸ் எந்த வழியா சுத்திப் போச்சுன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டா, அமைச்சரும் மனுஷன்தானே, "உறுப்பினர் சொல்வதை ஆய்வு செய்து இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ள முயற்சிக்கிறேன்"னு ஏதாவது சொல்லுவார்.

அப்படிச் சொல்ற வார்த்தை காத்துல போயிடறதில்ல, இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். அரசு உறுதிமொழிக் குழுன்னு சட்டசபைக்கு ஒரு கமிட்டி இருக்கு, அமைச்சர் சபையில குடுக்கற வாக்குறுதியை எல்லாம் அவைக் குறிப்புல இருந்து எடுத்து பட்டியல் போட்டு, செஞ்சீங்களா இல்லையான்னு துறையைக் கேக்கறது அவங்க வேலை, மாவட்டத்துக்கே நேர்ல வந்து பாப்பாங்க. அதனால "பரிசீலிக்கப்படும்"னு வாங்கறதுக்கும் "இந்த ஆண்டு செய்து தரப்படும்"னு வாங்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். துணைக்கேள்வியை எப்படி முடிக்கறோம்ங்கறதுலதான் அது இருக்கு, "எப்போது?"ன்னு முடிக்கணும்.

ரெண்டாவது வழி மானியக் கோரிக்கை. பட்ஜெட்னு ஒரு நாள் நிதியமைச்சர் படிக்கறது மொத்தக் கணக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு துறையும் எனக்கு இவ்ளோ பணம் வேணும்னு சபைகிட்ட கேட்டு வாங்கணும், சபை ஓட்டுப் போட்டாதான் பணம். அப்படி அம்பதுக்கும் மேல கோரிக்கை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு, நெடுஞ்சாலைன்னா 21, பள்ளிக்கல்வின்னா 43. அன்னைக்கு அந்தத் துறையோட கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒரு புத்தகம் குடுப்பாங்க, விவாதம் நடக்கும், கடைசில அமைச்சர் பதிலுரை சொல்லி புது அறிவிப்புகளைப் படிப்பார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.ங்க வெட்டுத் தீர்மானம் குடுப்பாங்க, கேட்ட தொகையில ஒரு சின்னத் தொகையைக் குறைக்கணும்னு, அது ஜெயிக்காது, ஆனா என் குறை இதுன்னு பதிவாகிடும்.

இங்க புதுசா கத்துக்கறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அமைச்சர் கடைசில படிக்கற அந்த அறிவிப்பு லிஸ்ட் அன்னைக்கு விவாதத்தைக் கேட்டு எழுதினது கிடையாது. முன்னாடியே துறையில முடிவாகி, நிதித் துறை ஒத்துக்கிட்டு, அச்சாகி வந்தது. பட்ஜெட் வேலை முந்தின வருஷம் கடைசிலயே ஆரம்பிச்சிடும், துறைங்க தங்களோட தேவையை அப்பவே எழுதி அனுப்பிடுவாங்க. அப்ப உங்க பாலத்துக்கு மதிப்பீடு, அதாவது எவ்ளோ செலவாகும்ங்கற கணக்கு, தயாராகி, இஞ்சினியர் கையெழுத்தோட மேல போயிருந்தாதான் மார்ச் ஏப்ரல்ல பேர் வரும். ஏப்ரல்ல சபையில எவ்ளோ உருக்கமா பேசினாலும் மதிப்பீடு இல்லாத வேலைக்கு அந்த வருஷம் பணம் வராது. தீபாவளிக்கு முன்னாடி ஒன்றிய இஞ்சினியரையும் கலெக்டரையும் பாத்து மதிப்பீட்டை நகர்த்தி வெக்கற எம்.எல்.ஏ.வுக்கு சட்டசபையில பேச நேரமே கிடைக்கலன்னாலும் வேலை நடந்துடும். நம்ம ஜனங்க பட்ஜெட் அன்னைக்கு டி.வி. முன்னாடி உக்கார்ந்து நம்ம ஊர் பேர் வருதான்னு பாக்கறாங்க, அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கேட்டிருக்கணும்.

கிடைக்கற நேரத்தை எப்படி செலவு பண்றாங்கன்னு பாத்தா எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. மூத்த தலைவர்கள்ல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தருக்கா நன்றி சொல்லி, கவிதை படிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுது, தொகுதிக் கோரிக்கை கடைசி அரை நிமிஷத்துல மூச்சு வாங்க ஓடுது. 2021 ஆகஸ்ட்ல முதலமைச்சரே தன் கட்சி உறுப்பினர்கள் கிட்ட என்னைப் புகழ்ந்து பேசி நேரத்தை வீணாக்காதீங்கன்னு சபையில சொல்ற அளவுக்குப் போச்சு. கட்சிக்குள்ள இருக்கற நெருக்கடி புரியுது, ஆனா அந்த நிமிஷம் ஜனங்களோடது.

திடீர்னு ஏதாவது நடந்துட்டா, ஏரி உடைஞ்சுடுச்சு, ஊருக்குள்ள காய்ச்சல் பரவுதுன்னா, அதுக்கு கவன ஈர்ப்புத் தீர்மானம். அவசரமான ஒரு பொது விஷயத்துக்கு அமைச்சரோட கவனத்தை இழுத்து பதில் வாங்கறது. சபாநாயகர் அனுமதிக்கணும். வருஷக்கணக்கா இருக்கற குறைக்கு இதைக் குடுத்தா எடுக்க மாட்டாங்க, ஆனா போன வாரம் வெள்ளத்துல பாலத்துல வண்டி அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னா அப்ப அது அவசரம் ஆயிடும். இன்னொண்ணு 110 விதின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது அமைச்சரோ முதலமைச்சரோ சபையில அறிக்கை படிக்கறதுக்கு, அதுமேல விவாதம் கிடையாது, சாதாரண எம்.எல்.ஏ.வுக்கு அதுல வேலை இல்ல.

சட்டசபைன்னு பேர் இருக்கு, சட்டத்தைப் பத்திக் கடைசில பேசறேனேன்னு தோணலாம். நடைமுறையில மசோதா எல்லாம் அமைச்சர்ங்கதான் கொண்டு வர்றாங்க. தனிப்பட்ட உறுப்பினரும் மசோதா குடுக்கலாம், விதி இருக்கு, ஆனா அரசாங்கம் ஆதரிக்காம அது கரை சேர்றது இல்ல, அரசுக்கு செலவு வைக்கற மசோதான்னா கவர்னரோட பரிந்துரையும் வேணும். கட்சிக் கொறடா உத்தரவு போட்டா அதை மீறி ஓட்டுப் போட முடியாது, 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போயிடும். அப்ப தனி ஒரு ஆள் சட்டத்தை மாத்தவே முடியாதான்னா, முடியும், காலம் ஆகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாண சட்டசபைக்குள்ள போனதும் முதல் வேலையா எடுத்துக்கிட்டது பொண்ணுங்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடற வழக்கத்தை ஒழிக்கறதைத்தான். 1927ல தீர்மானம் கொண்டு வந்தாங்க, 1930ல மசோதாவும் குடுத்தாங்க, அதே வருஷம் காந்தி கைதானதைக் கண்டிச்சு பதவியையும் விட்டுட்டாங்க. சட்டம் வந்தது 1947ல. இருபது வருஷம். அதுக்கு நடுவுல அவங்க எழுதிக்கிட்டே இருந்தாங்க, பேசிக்கிட்டே இருந்தாங்க. அவங்க சபைக்குள்ள இருந்தது மூணு நாலு வருஷம்தான், ஆனா எதுக்கு வந்தோம்ங்கறதுல ஒரு தெளிவு இருந்துச்சு.

நீங்க மனு குடுக்கப் போறீங்கன்னா இதை வெச்சு எழுதுங்க. ரோடு எந்தத் துறையோடது, எங்க இருந்து எங்க வரைக்கும், எத்தனை ஊரு, எத்தனை புள்ளைங்க, முன்னாடி குடுத்த மனுவுக்கு வந்த பதிலோட நகல். பத்துப் பேர் பத்து மனு குடுக்கறதை விட எல்லா விவரமும் இருக்கற ஒரே மனு, கூடவே தண்ணி ஓடற அன்னைக்கு தேதியோட எடுத்த போட்டோ. ஆடி முடியறதுக்குள்ள குடுத்துடுங்க. எங்க ஊர்ப் பாலத்துக்கு ஒரு எட்டாவது படிக்கற பொண்ணு, மழைக்கு பஸ் வராத நாளை எல்லாம் ஸ்கூல் டைரியில குறிச்சு வெச்சிருந்துச்சு, ஒரே வருஷத்துல 17 நாள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மனுவோட வெச்சோம். எம்.எல்.ஏ. துணைக்கேள்வி கேக்கும்போது அந்த 17ஐத்தான் சொன்னார்.

மதிப்பீடு போனது அதுக்கப்புறம். அரசாணை வர்றதுக்கு இன்னொரு வருஷம். இப்ப ஓடையில ரெண்டு தூண் எழும்பி நிக்குது, கம்பி வெளிய தெரியுது, ஐப்பசி மழைக்குள்ள முடியாதுன்னு கான்ட்ராக்டர் சொல்றார். அந்தப் பொண்ணு இப்ப பதினொண்ணாவது, இந்த வருஷமும் டைரியில குறிக்கப் போவுது.